மருந்து வாங்கப் போகும் வழியில் ஒரு சிகரட்

கேள்வி:

எனக்கு வயது 66. வங்கியொன்றில் எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். ஒரே மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். நான்கு மாதங்களுக்கு முன் மனைவிக்கு (62) மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த அன்று, வாசலிலேயே சிகரட் பெட்டியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். பதினொரு நாள் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள், வீட்டுக்கு வந்துவிட்ட மனைவிக்கு மருந்து வாங்கக் காலிவீதிக்குப் போனேன். பாமசிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் மிச்சக் காசுக்கு ஒன்று வாங்கினேன். இப்போது நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிறது. முன்பு பத்தைத் தாண்டியதில்லை.

வீட்டுக்குள் புகைப்பதில்லை. கீழே இறங்கி ரயில் பாதைப் பக்கம் போய், ஏலக்காய் மென்றுவிட்டுத்தான் மேலே வருவேன். போன கிழமை நான் செருப்பைப் போடும்போது மனைவி, "போய்விட்டு வாருங்களப்பா, நான் ஒன்றும் கேட்கமாட்டேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரையில்லை. "அம்மாவை நீங்களே கொல்லப்போகிறீர்கள் அப்பா" என்கிறான் மகன். மனைவி மீது எனக்கு அன்பில்லையா? இந்த வயதில் விட்டுத்தான் என்ன பயன்? நிக்கொட்டின் சுவிங்கம் பாதுகாப்பானதா? எனக்கு மேலே பொய்ப்பல். பிரஷருக்கு ஒரு குளிசை, இழுப்புக்கு இரவில் தியோபிலின் குளிசை எடுக்கிறேன்.

பி.கு.: சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு பெட்டியில் இன்னும் மூன்று சிகரட் இருக்கின்றன. அவசரத்துக்கு வைத்திருக்கலாமா?

பதில்:

ஐயா,

உங்கள் கடிதத்தில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருந்தாலும், என் கண் போய் நின்றது கடைசியில் எழுதியிருந்த தியோபிலின் குளிசையில். வைத்தியம் பார்ப்பவரின் புத்தி அப்படி. அதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தப் பதிலை வாசித்த வேகத்தில் நாளைக் காலையே நீங்கள் சிகரட்டை எறிந்துவிட்டால், அந்தக் குளிசை உங்களையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

சிகரட் புகையிலுள்ள தார்ப்பொருட்கள் ஈரலை முடுக்கிவிடுகின்றன. முடுக்கப்பட்ட ஈரல் தியோபிலினை வழமையைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றும். உங்களுக்கு அளவு எழுதிய வைத்தியர், நீங்கள் புகைத்துக்கொண்டிருந்த நாட்களில் எந்த அளவுக்கு இழுப்பு அடங்கியதோ அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். புகையை நிறுத்தினால் ஒரு கிழமைக்குள் ஈரல் தன் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். குளிசை அதேதான், இரத்தத்தில் நிற்கும் மருந்து மட்டும் ஏறிக்கொண்டே போகும். குமட்டல், கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை என்று தொடங்கி, மிஞ்சினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். பொல்லாத விஷயம் என்னவென்றால், தொடக்கத்தில் வருபவற்றைச் சிகரட்டை விட்டதால் வரும் அவதி என்று எவரும் நினைத்துவிடுவார்கள். ஒரு சிகரட்டைப் பற்றவைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைப்பார்கள்.

பதினொரு நாள் நிறுத்தியிருந்தீர்களே, அந்தக் கடைசி நாட்களில் நெஞ்சு அடித்துக்கொண்டதா? பேனையைப் பிடித்தால் எழுத்து கோணியதா? மனைவியை நினைத்து வந்த பயம் என்று எடுத்திருப்பீர்கள். பயமாக இருந்திருக்கலாம், மருந்தாகவும் இருந்திருக்கலாம். இப்போது இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை, விடும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே உங்கள் சுவாசக் கிளினிக்கில் "நான் இன்ன திகதியில் சிகரட்டை நிறுத்தப்போகிறேன், தியோபிலின் அளவைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அளவைக் குறைப்பதும், இரத்தத்தில் பரிசோதிப்பதும், வேறு மருந்துக்கு மாற்றுவதும் அவர்கள் தீர்மானிக்க வேண்டியவை. நீங்களாகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். கிளினிக் நாள் தூரத்தில் இருக்கிறது என்பதைச் சாட்டாக வைத்து விடும் நாளைத் தள்ளிப்போடவும் வேண்டாம், இடையில் ஒரு நாள் போய்க் கேட்டால் யாரும் துரத்தமாட்டார்கள்.

காப்பிக்கும் இதே கணக்கு. அதிலுள்ள கஃபீனையும் ஈரல் அதே வழியில்தான் வெளியேற்றுகிறது. சிகரட்டை விட்டவர் வழமைபோல நான்கு கோப்பை குடித்தால், ஆறேழு குடித்தவர் மாதிரி இரவெல்லாம் விழித்துக்கொண்டு கிடப்பார். முதல் மாதம் காப்பியையும் கடும் சாயம் போட்ட தேநீரையும் பாதியாக்குங்கள்.

இனி அன்புக்கு வருவோம்.

மனைவிக்கு மாரடைப்பு வந்தும் விட முடியவில்லையென்றால் அன்பு இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறீர்கள். அப்படியென்றால் இன்னொரு கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் இதய நோயாளரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நோய் வந்த நேரத்தில் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பல மாதங்கள் கழித்தும் புகைத்துக்கொண்டே இருந்தார்கள். தங்கள் சொந்த நெஞ்சு வலித்தவர்கள் அவர்கள். தங்கள் உயிர் மீது அவர்களுக்கு அன்பில்லையா? புகையை இழுத்த சில வினாடிகளில் நிக்கொட்டின் மூளையைத் தொடுகிறது. இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அது பாதியாகிவிடுகிறது. பாதியானதும் மூளை கேட்கத் தொடங்கும். நாற்பத்திரண்டு வருடம், நாளுக்குப் பத்து என்றால் ஒன்றரை இலட்சம் சிகரட். ஒன்றரை இலட்சம் முறை கேட்டுக் கொடுத்துப் பழகிய மூளைக்கு, வைத்தியசாலை வாசலில் எடுத்த ஒரு சத்தியம் பெரிய விஷயமாகப் படாது. இதில் அன்பை அளக்காதீர்கள், அளவுகோல் பிழை.

பிறகு எப்படிப் பதினொரு நாள் முடிந்தது? நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் கலைவது அந்த வீட்டின் நேர ஒழுங்கு. காலைக் காப்பி இல்லை, பத்திரிகை இல்லை, பின்னேரம் மாடத்தில் கதிரை போட்டு உட்காருவது இல்லை. வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள், தாதி கூப்பிடும்போதெல்லாம் எழுந்து ஓடினீர்கள். சிகரட்டை நினைவூட்டும் ஒன்றுமே அருகில் இல்லை. அது தானாகக் கிடைத்த அனுகூலம். வீட்டுக்கு வந்ததும் காப்பியும் கதிரையும் திரும்பின, பாமசிக்கும் போனீர்கள். பன்னிரண்டாம் நாளில் உங்கள் மனவுறுதி குறைந்துபோனதாக நான் நினைக்கவில்லை. பழைய நாள் திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பல வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவருடைய மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதுவரை தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த அம்மா ஒரு கையில் பிளேன்டீயும் மறு கையில் பித்தளைச் சாம்பல் தட்டும் கொண்டுவந்து கணவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து கதைப்பாராம். அந்த அம்மா ஒருநாளும் புகைத்ததில்லை. கை விழுந்த பிறகு தட்டு வரவில்லை. "எழும்பிப் போய் எடுத்தால் எடுத்திருக்கலாம் டொக்டர், எனக்கு எழும்ப மனம் வரவில்லை. அந்தத் தட்டு வராத அன்றைக்குத்தான் நான் இவ்வளவு காலமும் தனியாகப் புகைக்கவில்லை என்று விளங்கியது" என்றார். அவர் என்னிடம் வந்தது சிகரட்டை விடுவதற்காக அல்ல, விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. இருமல் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்க வந்தார்.

உங்கள் கதை அதற்கு நேர்மாறாகப் போயிருக்கிறது. நோய் உங்களை வீட்டிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது. முன்பு பத்து, இப்போது பதின்மூன்று என்கிறீர்கள். மேலதிகமாக வந்த அந்த மூன்றையும் பாருங்கள். இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டிருப்பீர்கள். குளிசைகளை நேரம் பார்த்துப் பிரித்துப் போடுகிறீர்கள், உப்பில்லாமல் சமைக்கப் பழகுகிறீர்கள். ரயில் பாதைப் பக்கம் போய் நிற்கும் அந்த ஏழு எட்டு நிமிடம்தான் நாளில் நீங்கள் யாரையும் பார்த்துக்கொள்ளாத நேரம். சிகரட்டைப் பறித்துக்கொண்டு அந்த நேரத்தையும் பறித்தால் நீங்கள் மறுபடி விழுவீர்கள், நான் எழுதித் தருகிறேன். ஆகவே வெளியே போவதை விடவேண்டாம். போகும் திசையை மாற்றுங்கள். கீழே இறங்குவதற்குப் பதில் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். ரயில் பாதைக்கும் உங்கள் கைவிரலுக்கும் பழைய உறவு இருக்கிறது, மொட்டைமாடிக்கு அது இல்லை. ஆசை எழும்பினால் சில நிமிடங்கள்தான் உச்சத்தில் நிற்கும். இழுப்பு உள்ளவர் படிகளை மெதுவாக ஏறி, மேலே நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் அது தணிந்துவிடும்.

இப்போது உங்கள் மனைவி. முதுமையில் ஒருவர் பழக்கத்தை மாற்றுவதற்கும் அவருடைய துணைக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 3,722 தம்பதிகளின் விவரங்களை எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரைப் பல வருடங்களாகத் தொடரும் பெரிய ஆய்வு ஒன்றின் பகுதி அது. மனைவி புகைத்துக்கொண்டேயிருந்தால், புகைத்த ஆண்களில் நூற்றுக்கு 8 பேர்தான் விட்டார்கள். மனைவியும் அதே காலத்தில் விட்டால் 48 பேர் விட்டார்கள். பெண்களிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு, 8க்கு 50. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு எண். கணவர் ஏற்கனவே புகைக்காதவராக இருந்த பெண்களில் 17 பேர்தான் விட்டார்கள். ஒழுக்கமான துணை பக்கத்தில் இருப்பதைவிட, கூடவே தானும் மாறுகின்ற துணை இருப்பது மூன்று மடங்கு பலம். உடற்பயிற்சி, எடைக் குறைப்பு இரண்டிலும் அதே ஆய்வு இதே போக்கைத்தான் கண்டது.

இதை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. அங்கே இருவரும் புகைக்கும் வீடுகள் நிறைய. இங்கே புகைக்கும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். (வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாமார் கதை வேறு, அதைப் பிறகொரு நாள் பார்ப்போம்.) நம் வீடுகளில் ஒருவர் புகைப்பார், மற்றவர் சகிப்பார். உங்கள் மனைவிக்கு விடுவதற்குச் சிகரட் இல்லை. ஆனால் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியவை ஏராளமாக இருக்குமே? நடக்கச் சொல்லியிருப்பார்கள். நடக்கிறாரா? கருவாடு, ஊறுகாய், பொரித்த மிளகாய் எல்லாம் இன்னும் சட்டியில் இருக்கின்றனவா? என் அனுபவத்தில், அந்த ஆய்வின் எண்களுக்குள் இருக்கும் சூட்சுமம் இதிலும் வேலைசெய்கிறது. அவர் ஒன்றை மாற்றத் தொடங்கும் அதே நாளில் நீங்களும் ஒன்றை மாற்றத் தொடங்குங்கள். ஒருவரை ஒருவர் திருத்துகிறோம் என்ற எண்ணம் வேண்டாம். இரண்டு பேரும் நோயாளிகள், இரண்டு பேருக்கும் வீட்டுப்பாடம் இருக்கிறது.

நடையை நான் விசேடமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளின் முதல் சிகரட் எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் என்றால், நிக்கொட்டின் உங்களைக் கடுமையாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தை நிரப்பாமல் விட்டால் அது உங்களைக் கீழே இறக்கிவிடும். மனைவியின் இதய வைத்தியரிடம் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் இருவருமாக மரைன் டிரைவில் நடங்கள். அவர் வேகம்தான் உங்கள் வேகம். அவருக்கு மூச்சு வாங்கினால் நில்லுங்கள், உங்களுக்கு வாங்கினாலும் நில்லுங்கள். நெஞ்சு வலித்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து வாங்குவதையும் அந்த நடையோடு சேர்த்துவிடுங்கள், அல்லது பாமசி திறந்த பிறகு இருவருமாகப் போய் மாத மருந்தை ஒரே தடவையில் வாங்குங்கள். மருந்துப் பையோடு நிற்கும் மனைவிக்கு முன்னால் எந்தக் கணவனும் மிச்சக் காசுக்குச் சிகரட் கேட்கமாட்டான்.

அந்த ஒற்றைச் சிகரட் பற்றி ஒரு சொல். 2015 முதல் நம் நாட்டில் சிகரட் பெட்டியின் 80 வீதத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை மூட வேண்டும் என்று சட்டம். நல்ல சட்டம். ஆனால் ஒற்றையாக வாங்குபவர் பெட்டியைப் பார்ப்பதேயில்லை. கடைக்காரர் பெட்டியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு உங்களிடம் வெள்ளையாக ஒன்றை நீட்டுகிறார். ஒன்றுதானே என்று உங்கள் மனமும் கணக்கை மூடிவிடுகிறது. பன்னிரண்டு முறை மூடிய பிறகும் அது ஒன்றுதான்.

மனைவிக்குச் சொல்லாமல் விட்டுக் காட்டி, பிறகு ஆச்சரியப்படுத்தலாம் என்று உங்களுக்கு ஓர் எண்ணம் இருந்தால் அதை விடுங்கள். அவருக்குத் தெரியும். ஏலக்காய் வாசம் புகையின் வாசத்தை மறைப்பதில்லை, புகைத்திருக்கிறீர்கள் என்று அறிவிக்கிறது. "நான் ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று அவர் சொன்னதை நீங்கள் தண்டனையாக எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. நீங்கள் களைத்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். தான் படுத்துக்கிடப்பதால் உங்களுக்கு வந்த சுமை என்று தன்னையே குறைசொல்லிக்கொண்டும் இருக்கலாம். மாரடைப்புக்குப் பிறகு பலருக்கு மனம் இப்படித்தான் சோர்ந்துவிடும். நாள் முழுதும் ஒன்றிலும் நாட்டமில்லாமல் இருக்கிறார் என்றால் அதையும் அவருடைய கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

ஆகவே உட்கார்ந்து சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். "நான் மறுபடி தொடங்கிவிட்டேன், உனக்குத் தெரியும். ஒளித்தது பிழை. வருகிற மாதம் ஐந்தாம் திகதி நிறுத்தப்போகிறேன். முதல் கிழமை எரிந்து விழுவேன், அது உன்மேல் உள்ள கோபம் இல்லை." இவ்வளவு போதும். சத்தியம் செய்யாதீர்கள், ஒரு தடவை செய்து பார்த்துவிட்டீர்கள். அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சட்டையை மணந்து பார்ப்பதும், பையைத் துழாவுவதும், எண்ணிக்கை கேட்பதும் வேண்டாம். இரவில் "இன்றைக்கு எப்படி?" என்று மட்டும் கேட்கட்டும். நோயாளி மனைவியைக் காவல்காரி ஆக்கினால் அவருடைய பிரஷரும் ஏறும், உங்களுக்கும் ஒளிக்கும் பழக்கம் ஊறிவிடும்.

வெளியே போய்ப் புகைப்பதால் அவருக்குப் பாதிப்பு இல்லையே என்று கேட்பீர்கள். பாதி சரி. வீட்டுக்குள்ளும் வேலையிடத்திலும் பிறர் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து 25 முதல் 30 வீதம் கூடுகிறது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை சொல்கிறது. இதயக் குழாயில் ஸ்டென்ட் உள்ளவரின் இரத்தத்தை உறையவிடாமல் வைக்கத்தான் அவர் தினமும் குளிசை எடுக்கிறார். புகை அந்த இரத்தத்தை உறையும் பக்கம் தள்ளுகிறது. நீங்கள் இப்போது கீழே போவது நல்லதுதான், மழை நாட்களில் மாடத்தில் நின்று கதவைச் சாத்திக்கொள்வது நல்லதல்ல. அதற்காகச் சட்டையில் ஒட்டிய மணத்தால் அவருக்கு மறுபடி மாரடைப்பு வரும் என்று நான் பயமுறுத்தமாட்டேன். இத்தனை வருடம் அவர் வீட்டில் சுவாசித்தது முடிந்த கதை. அதை நினைத்து அழுவதென்றால் அழுதுவிட்டு எழும்புங்கள்.

சுவிங்கம் கேட்டீர்கள். நிக்கொட்டின் உங்களைப் பிடித்துவைத்திருக்கும் கயிறு, உடலை அரிப்பது புகை. புகையில்லாமல் நிக்கொட்டினை மட்டும் கொடுத்து, கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்துவதுதான் இந்தச் சிகிச்சை. பிரஷர் கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு அது சிகரட்டைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. உங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். ஆனால் பொய்ப்பல் உள்ளவருக்குச் சுவிங்கம் தொல்லை, ஒட்டிக்கொண்டு பல்லையே கழற்றிவிடும். தோலில் ஒட்டும் பட்டை கிடைக்குமா என்று கேளுங்கள். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்கள் வழமையாக 21 மில்லிகிராம் பட்டையில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். தினமும் ஒட்டும் இடத்தை மாற்ற வேண்டும். சுவிங்கம்தான் கிடைக்கிறதென்றால் மெல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். சாதாரண சுவிங்கம் போல மென்று விழுங்கினால் நிக்கொட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிவும்தான் மிச்சம். காப்பி, பழச்சாறு, சோடா குடித்துக் கால் மணித்தியாலம் கழித்தே வாயில் போடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பட்டையும் சுவிங்கமும் ஈரலை முடுக்குவதில்லை, முடுக்குவது புகைதான். ஆகவே பட்டை ஒட்டியிருந்தாலும் தியோபிலின் கணக்கு அப்படியே நிற்கும்.

கதைப்பதற்கு ஆள் வேண்டுமென்றால், புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையின் தொலைபேசிச் சேவை 1948 என்ற இலக்கத்தில் இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த ஆண்டு, மறக்காது.

அறுபத்தாறில் விட்டு என்ன பயன்? பிரித்தானிய வைத்தியர்கள் முப்பத்து நான்காயிரம் பேரை 1951இலிருந்து ஐம்பது வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. முப்பதில் விட்டவர்களுக்கு ஏறக்குறையப் பத்து வருடம் மீண்டது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, அறுபதில் விட்டவர்களுக்கு மூன்று. உங்களுக்கு இவ்வளவு என்று நான் எண்ணிச் சொல்லமாட்டேன். உங்கள் சுவாசப்பை இழந்ததைத் திருப்பித் தராது, ஆனால் இழக்கும் வேகம் குறையும். மூன்றாம் மாடிக்கு மின்சாரம் இல்லாத நாளில் மருந்துப் பையோடு ஏறிவரப் போவது நீங்கள்தான். அந்த வீட்டில் இரண்டாவதாக ஒருவர் படுக்கையில் விழ இடமில்லை.

மகனுக்கு அவன் பயம். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாதவன் சொல்லைத்தான் எறிவான். அடுத்த தடவை கூப்பிட்டால், விடும் திகதியைச் சொல்லி, அந்தக் கிழமை முழுதும் பின்னேரம் ஐந்து மணிக்கு, அவனுக்குக் காலை நேரம், தவறாமல் எடுக்கச் சொல்லுங்கள். சிகரட்டைப் பற்றிக் கேட்கக்கூடாது, பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பேசவிடட்டும். அவனுக்கும் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும்.

இடையில் ஒன்று பிடித்துவிட்டால், அன்றிரவு மனைவியிடம் சொல்லிவிட்டு மறுநாள் காலை நடைக்குப் போங்கள். பதினொரு நாள் நிறுத்தியதும் வீணாகவில்லை. எந்த நாளில், எந்தக் கடையில், கையில் என்ன பையோடு விழுந்தீர்கள் என்று உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். இந்தத் தகவல் இல்லாமல் வருபவர்கள்தான் என்னிடம் அதிகம்.

சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்றையும் வைத்திருக்க வேண்டாம். குப்பைக் கூடையிலும் அப்படியே போடாதீர்கள், இரவு இரண்டு மணிக்குக் கூடையைக் கிளறிய நீதவான் ஒருவரை எனக்குத் தெரியும். குழாயின் கீழ் பிடித்து நன்றாக நனைத்து, கசக்கி, பிறகு போடுங்கள். மனைவி பார்த்துக்கொண்டு நின்றால் நல்லது.